இன்னும் ஒரு சிட்டிகை

அவரிடம் எதைக் காட்டியும் "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடக் கூடாது. உறையூர்ச் சுருட்டுக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லி எச்சரித்தார்கள். நான் காதில் வாங்கவில்லை. இருபத்திரண்டு வயது, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய திமிர். நான் அடித்த முதல் கடிதத்தை முதலாளி அறைக்கு எடுத்துப் போகும்போது கம்பெனியின் கலவைக்காரரான அவர் எதிரே வந்தார். காக்கி அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி, வலது காதில் ஒரு சுருட்டு, இடது காதில் ஒரு சுருட்டு. மரியாதைக்கு, "எப்படி இருக்குங்க?" என்று கேட்டு வைத்தேன். அவர் கடிதத்தை வாங்கி, படிக்காமல், கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓரம் இன்னும் ஒரு சிட்டிகை உள்ள தள்ளியிருந்தா..."

அன்று அந்தக் கடிதத்தை நாலு தடவை அடித்தேன். நாலாவது தடவை அது உண்மையிலேயே அழகாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்த கதை இது. எங்கள் கம்பெனியில் இரண்டு பிரிவு. ஒன்றில் ஊருக்குள் விற்கிற சாதாரணச் சுருட்டு. இன்னொன்றில் கப்பலேறுகிற உயர்ந்த ரகம். அங்கே முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே சுற்றுவார்கள். அந்த உயர்ந்த ரகத்துக்குப் புதுசு புதுசாக இலைக் கலவை கண்டுபிடிப்பது அவர் வேலை. வேடசந்தூர் இலையில் இத்தனை, தண்ணீர் அதிகம் பாய்ந்த வயலின் இலையில் இத்தனை, எண்ணெய்ப் பசையுள்ள முதிர்ந்த இலையில் இத்தனை என்று உள்ளே வைக்க மூன்று வகை சேர்ப்பார். அதைக் கட்டிப் பிடிக்க ஓர் இலை. மேலே போர்த்துவதற்கு நரம்பே தெரியாத மெல்லிய இலை. சேர்ப்பதற்கு முன்னால் பழச்சாறும் வெல்லமும் கலந்த பாகைத் தெளித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி ஊற வைப்பார். கல்யாண மண்டபத்தில் சமையற்காரர் அண்டாவைச் சுற்றி வருவதைப்போல அந்தச் சாக்கு மூட்டையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

ஒரு சுருட்டை அவர் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. பற்ற வைத்து மூன்று இழுப்பு. அணைத்து, நடுவில் வெட்டி, மறுபடி மூன்று இழுப்பு. அப்புறம் கடைசித் துண்டில் மூன்று. சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு பெயர் வைப்பார். கலவைக்கு நம்பர் போடுங்கள் என்று முதலாளி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "இது தாசில்தார். முதல்ல பயங்காட்டும், கிட்டப் போனா ஒண்ணுமில்ல." "இது என் மச்சான். வரும்போது பலமா வருவான், உக்காந்ததும் தூங்கிடுவான்." ஒருநாள் ஒரு துண்டை அணைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது நீங்க, டைப்பம்மா. கொஞ்சம் புளிப்பு, ஆனா நேர்மை." எனக்கு ஒரு வாரம் கோபம். அப்புறம் அந்தக் கலவை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நானே போய் விசாரித்தேன்.

காப்பி, குழம்பு, கோலம், எதையும் அவர் இருந்தபடி இருக்க விடமாட்டார். தொட்டியத்தில் அவருடைய சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். பந்தியில் பாயசத்தை ஒரு வாய் வைத்தவர், இலையை மூடாமலே எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து இரண்டாம் பந்திக்கு வந்த பாயசத்தில் வாழைப்பழமும் சுக்கும் இருந்தன. இரண்டாம் பந்தியில் சாப்பிட்டவர்கள் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. முதல் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள், மாப்பிள்ளையின் அப்பா உட்பட, மறுபடி பந்தியில் இடம் பிடிக்க வந்து சண்டையாகிவிட்டது. கம்பெனிக்கு வந்து இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

"சுக்கு ஒரு சிட்டிகை கூடிப்போச்சு, டைப்பம்மா."

என் பக்கத்துக் கதையையும் சொல்லிவிட வேண்டும். வீடு ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில். அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்து வேலையை விட்டபின் நான் சம்பாதிக்க வந்தேன். வேலை கிடைத்தது அம்மாவுக்குச் சந்தோஷம். கிடைத்த இடம்தான் சந்தோஷமில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, காவேரிப் பாலம் தாண்டி வருவதற்குள் புடவையில் ஏறிய புகையிலை வாசனையெல்லாம் காற்றில் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை.

"ஏண்டி, நீ வாசல்ல நிக்கறச்சேயே உன் ஆபீஸ் ஆத்துக்குள்ள வந்துடுத்தே! பெருமாளுக்கு விளக்கேத்தற நேரம், இந்த வாசனையோட தெருவில வரயே, நாலு பேர் என்ன சொல்லுவா?"

அம்மாவே வழியும் கண்டுபிடித்தாள். ஒரு சின்னத் தகரப் பெட்டியில் மாற்றுப் புடவையை வைத்து, புகையிலை வாசனை ஒட்டாமலிருக்கத் தாழம்பூ மடலும் வெட்டிவேரும் அடுக்கிக் கொடுத்தாள். அந்தப் பெட்டி ஆபீசில் என் மேஜைக்கு அடியில் இருக்கும். சாயங்காலம் புடவையை மாற்றிக்கொண்டு, தாழம்பூ மணக்க மணக்க, பூக்கடையில் வேலை பார்ப்பவளைப்போல வீட்டுக்குப் போவேன்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கடல் கடந்த ஊரில் ஒரு பெரிய சுருட்டு வியாபாரி எங்களிடம் புதுக் கலவையில் ஒரு மாதிரிப் பெட்டி கேட்டிருந்தார். பிடித்துப்போனால் பெரிய ஆர்டர். உயர்ந்த ரகத்துக்கு அந்த வருஷம் வேறு ஆர்டரே இல்லை. முதலாளி அவரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"இது வரலைன்னா அந்தப் பிரிவையே மூடிடுவேங்க. முப்பது பேரையும் சாதாரணச் சுருட்டுக்கு மாத்தணும். உங்களையும் இலை பிரிக்கத்தான் அனுப்பணும்."

புதுக் கலவை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் ஒரு வாழ்க்கை! அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு மாதம் மாய்ந்து மாய்ந்து ஒரு கலவை செய்தார். மாதிரிப் பெட்டி தயாரானது. அனுப்பத்தான் முடியவில்லை. முதலாளி மெட்ராசுக்குப் போயிருந்தார். அவர் வந்து கையெழுத்துப் போட மூன்று வாரமாகும். அந்த மூன்று வாரமும் பெட்டி என் அலமாரியில் இருக்க வேண்டும்.

முதல் நாள் காலையில் கலவைக்காரர் வந்தார். "ரெண்டே ரெண்டு சுருட்டு மட்டும் மாத்திக்கிறேன்." மத்தியானம் வந்தார். "அந்த ரெண்டைப் பாத்தப்புறம் மத்ததெல்லாம் மட்டமாத் தெரியுது." மறுநாள் காலையில் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார். அலமாரிக்குப் பூட்டு கிடையாது. இந்த வேகத்தில் போனால் முதலாளி வரும்போது மாதிரிப் பெட்டியில் வெறும் பாகுதான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியை எடுத்து என் தகரப் பெட்டிக்குள், புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரு பெண்ணின் புடவைப் பெட்டியில் அவர் கை வைக்கமாட்டார் என்று தெரியும்.

"பெட்டி எங்கங்க?"

"பத்திரமா இருக்குங்க."

"பாக்கக்கூட முடியாதா?"

"முடியாதுங்க."

மூன்று வாரம் என் மேஜையை அவர் சுற்றி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. முதலாளி வந்தார், பெட்டி போனது. நானும் அதை மறந்தேன்.

பதில் வந்தபோது கம்பெனியே துள்ளியது. பிரமாதம், இப்படி ஒரு மணத்தை நான் எங்கும் கண்டதில்லை, பெரிய ஆர்டர் தருகிறேன் என்று வியாபாரி எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை. மாதிரியில் இருந்தது எப்படியோ அப்படியே வேண்டும், மயிரிழைகூட மாறக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாதிரியிலிருந்தே இரண்டு சுருட்டுகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

கலவைக்காரர் அதில் ஒன்றைப் பற்ற வைத்தார். முப்பது பேரும் நானும் சுற்றி நின்று பார்த்தோம். முதல் மூன்று இழுப்பிலேயே கை நின்றுவிட்டது.

"இது நான் செஞ்சது இல்லீங்களே."

"விளையாடாதீங்க," என்றார் முதலாளி.

"இலை என்னுது. சுத்தினதும் நம்ம ஆளுங்கதான். ஆனா உள்ள யாரோ வந்து உக்காந்திருக்காங்க. யாருன்னு தெரியல."

பொங்கலுக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று முதலாளி கெடு வைத்தார். அந்த ஐந்தாறு வாரம் கம்பெனியில் அடித்த வாசனைகளை எழுதினால் தனிப் புத்தகமாகும். ஒருநாள் ஏலக்காய், ஒருநாள் உலர்ந்த திராட்சை, ஒருநாள் மலைத்தேன். ரோஜா இதழ் போட்ட அன்று சுற்றுகிறவர்களுக்கெல்லாம் தும்மல். சந்தனத் தூள் போட்ட அன்று, யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்துத் தெருவில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். ஒவ்வொன்றையும் மூன்றிடத்தில் மூன்று இழுப்பு இழுத்து, "ம்ஹூம்" என்று தலையை ஆட்டுவார். ஆனால் மனிதர் சோர்ந்தாரா என்றால், அதுதான் இல்லை. தோற்கத் தோற்க அவருக்கு உற்சாகம் ஏறியது. சுற்றுகிறவர்கள்தான் முகம் வாடி, இலை பிரிக்கிற கொட்டகையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில், மிச்சமிருந்த அந்த ஒரே சுருட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டைப்பம்மா, எங்க மூக்கெல்லாம் பழகிப்போச்சு. உங்க மூக்குதான் சுத்தம். பத்த வைக்க வேணாம், சும்மா மோந்து பாத்து சொல்லுங்க. இது என்ன?"

முகர்ந்தேன். அது வேறு எதுவுமில்லை, என் புடவை. சாயங்காலம் நாலரை மணிக்குப் பெட்டியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுகிற அதே தாழம்பூ, அதே வெட்டிவேர்.

"தெரியலைங்க," என்றேன்.

பொய்தான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி வேறு. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து அவர் செய்ததை அந்த வியாபாரி பாராட்டவில்லை, என் தகரப் பெட்டியைத்தான் பாராட்டியிருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? அன்று பஸ்ஸில் காவேரி தாண்டியதே தெரியவில்லை. வீட்டில் அம்மா, "என்னடி, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். உன் தாழம்பூவை ஒருத்தன் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறான் என்று அவளிடம் சொல்லவா முடியும்?

மறுநாள் சீக்கிரமே போய், இலை ஊற வைக்கிற கொட்டகையில் தனியாக இருந்த அவர் முன்னால் தகரப் பெட்டியை வைத்துத் திறந்தேன். புடவையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க. நீங்க மாத்திடக் கூடாதேன்னுதான் ஒளிச்சு வச்சேன்."

அவர் குனிந்து பெட்டிக்குள் மூக்கை வைத்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"தாழம்பூ! அட, தாழம்பூங்க! நான் ஊரெல்லாம் தேடறேன், அது நம்ம டைப்பம்மா மேஜைக்கடியில உக்காந்துட்டு இருந்திருக்கு!" கொட்டகையிலிருந்து வெளியே ஓடினார். "ஏம்ப்பா, எல்லாரும் வாங்க, ஆள் யாருன்னு தெரிஞ்சாச்சு!" என்று கத்திவிட்டு மறுபடி உள்ளே ஓடிவந்தார். தன்னுடைய பெருமை போயிற்றே என்ற எண்ணம் அவருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முப்பது பேரும் வந்து என் பெட்டிக்குள் வரிசையாக மூக்கை நுழைத்தார்கள். வெட்கத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கூத்து முடிவதற்கு முன்பே அவர் நெற்றியைச் சுருக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஆனா டைப்பம்மா, வெட்டிவேர் ஒரு சிட்டிகை கொறச்சு, மகிழம்பூ ரெண்டு சேத்தா..."

முதலாளி என்னைத் திட்டவில்லை. அவரைத்தான் கூப்பிட்டார். மாதிரி எப்படி இருந்ததோ அப்படியே, மயிரிழை மாறாமல் செய்ய வேண்டும் என்றார். அவர் மலைக்கோட்டைப் பிள்ளையார் மேல் சத்தியம் செய்து கொடுத்தார். பெரிய மரப்பெட்டிகளில் தாழம்பூ மடலும் வெட்டிவேரும் பரப்பி, மேலே சுருட்டுகளை அடுக்கி, மூன்று வாரம் பூட்டி வைப்பது என்று ஏற்பாடு. சாவி என் கையில்.

மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தார்.

"சாவி குடுக்க வேணாங்க. இருக்கான்னு மட்டும் காமிங்க."

காட்டினேன். பார்த்துவிட்டுப் போனார்.

சத்தியத்தை அவர் காப்பாற்றினார். ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு வாரமும், அதே கலவை, அதே பாகு, அதே மூன்று இழுப்பு. ஆனால் ஆள் மாறிவிட்டார். காதுகளில் சுருட்டு இல்லை. எதற்கும் பெயர் வைக்கவில்லை. ஒரு மத்தியானம் காப்பி கொண்டுவந்தவர் என்னிடம் ஓடிவந்தார்.

"ஐயாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாங்க? காப்பிய ஒண்ணுமே சொல்லாம குடிச்சுட்டாருங்க. நானே இன்னிக்கு சக்கரை போட மறந்துட்டேன்!"

எனக்குத் துக்கமாக இருந்தது. அன்று ஒரு கடிதத்தை வேண்டுமென்றே ஓரம் கோணலாக அடித்து எடுத்துப்போய், "எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன். "நல்லா இருக்குங்க," என்று சொல்லிவிட்டுச் சாக்கு மூட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லாத்தான்" என்றுகூடச் சொல்லவில்லை.

சரக்கு கப்பலேறியது. பதில் வந்தது. வியாபாரிக்குப் பரம திருப்தி. இனி வருஷா வருஷம் இதே ஆர்டர். ஒரே வேண்டுகோள், எக்காலத்திலும் எதையும் மாற்ற வேண்டாம். முப்பது பேரும் கை தட்டினார்கள். முதலாளி பூந்தி வாங்கிவரச் சொன்னார். பூந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். ஆயுள் தண்டனை கிடைத்தவர் நீதிபதியைப் பார்த்துச் சிரிப்பதைப்போல இருந்தது.

வியாபாரிக்கு அனுப்பும் பதிலை முதலாளி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நன்றி, அப்படியே செய்கிறோம், எந்த மாற்றமும் இருக்காது. மெஷினில் உட்கார்ந்து அதை அடித்து முடித்தேன். படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக, சொல்லாத ஒரு வரியை நானாக ஒரு கடிதத்தில் சேர்த்தேன்: 'எங்கள் புதிய கலவை ஒன்றின் சிறு பெட்டியையும் விரைவில் அனுப்புகிறோம், தங்கள் கருத்தை அறிய ஆவல்.'

முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"இது நான் சொன்னதாம்மா?"

"இல்லீங்க."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். அங்கே அவர் தூணில் சாய்ந்து, காலாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"போய்ச் சொல்லு. சின்னப் பெட்டி. ரொம்பச் சின்னது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கொட்டகைக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். புடவைத் தலைப்பு ஒரு இலைக் கட்டில் மாட்டிக் கிழிந்தது. அவரிடம் கடிதத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னதும் அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் கிடந்த ஒரு சுருட்டைத் தேடி எடுத்து வலது காதில் செருகிக்கொண்டார். பிறகு கடிதத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, டைப்பம்மா. ஆனா அந்தக் கடைசி வரிய ஒரு சிட்டிகை மேல கொண்டுபோயி, மொதல்லயே போட்டா..."

"முதலாளி கையெழுத்துப் போட்டாச்சுங்களே!"

"அதனால என்னங்க?"

நான் திரும்பிப் போய் மெஷினில் புதுத் தாளை ஏற்றினேன்.